‘எங்கருந்து வர்றே?’: கொள்ளைநோய், எல்லை, இனம்

1

இனவெறி பற்றிப் பேச்சு வரும்போது நம் தோழர்களிடம் ஒரு வசதியான பாகப்பிரிவினை உண்டு. இனம் அமெரிக்காக்காரன் பிரச்சினை, தென்னாப்பிரிக்காக்காரன் பிரச்சினை. நம்ம பிரச்சினை சாதி. 2020 மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ்காரரின் முழங்காலுக்கடியில் செத்தார். அடுத்த மாதமே, ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்ததாகச் சொல்லிச் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட ஜெயராஜும் பென்னிக்ஸும் செத்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பலர் எழுதினார்கள். எழுதியது சரிதான். ஆனால் அந்த ஒப்பீட்டில் இனம் அங்கேயே நின்றுவிட்டது. இங்கே போலீஸ் அராஜகம் மட்டும் மிஞ்சியது.

தமிழில் ‘இனம்’ என்பதே வழுக்குகிற சொல். மாட்டுக்கும் இனம், மாங்காய்க்கும் இனம், தமிழனுக்கும் இனம். இந்தச் சொல்லுக்கு ரத்தத்தில் பொருள் தேடுவதை விட்டுவிட்டு, ஒரு மனிதனை வழிமறித்து ‘எங்கருந்து வர்றே?’ என்று கேட்கிற இடத்தில் தேடலாம் என்று நினைக்கிறேன். அவன் சொல்லும் பதில் அவன் உடம்பின் குணமாக எழுதப்படும்போது இனம் உண்டாகிறது. கொள்ளைநோய்க் காலம் இந்த வேலையை எல்லாரும் பார்க்கும்படிச் செய்துகாட்டுகிறது.

நாகரசம்பட்டியில் இருந்துகொண்டு இதை யோசிப்பதற்குக் காரணம் உண்டு. மாவும் தென்னையும் கொடுப்பது போக, இந்தப் பக்கத்துக் குடும்பங்களின் வரும்படி பெங்களூரிலிருந்தும் ஓசூர் சிப்காட்டிலிருந்தும் வருகிறது. சென்ட்ரிங், பெயிண்ட், கம்பெனி வேலை. அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் நடுவில் இருக்கும் எல்லை எங்களுக்கு வரைபடத்துக் கோடு அல்ல, தினப்படி தாண்டுகிற வாசற்படி.

2

அந்த வாசற்படிக்கு ஒரு வரலாறு உண்டு. 1896இல் பம்பாயில் பிளேக் தொடங்கியது. 1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. பூனாவில் வீடு புகுந்து சோதனை நடத்திய நிர்வாகத்தின் தலைவர் ராண்ட் 1897 ஜூன் 22 இரவு சுடப்பட்டார். ‘கேசரி’யில் வந்த எழுத்துக்காகத் திலகருக்குப் பதினெட்டு மாதச் சிறை. மறுவருஷம், 1898இல், ராஜத்துரோகப் பிரிவு 124அ விரிவாக்கப்பட்டது. வகுப்புகளுக்கிடையே பகைமூட்டுவதைத் தண்டிக்கும் 153அ புதிதாகச் சேர்க்கப்பட்டது. 2024 ஜூலையில் தண்டனைச் சட்டமே மாற்றப்பட்ட பிறகும் இந்த இரண்டாவது பிரிவு வேறு எண்ணோடு வாழ்கிறது. பத்திரிகையைக் கட்டும் சட்டமும் கொள்ளைநோய்ச் சட்டமும் ஒன்றையொட்டி ஒன்று பிறந்தவை என்பதை நாம் போதுமான அளவு கவனிக்கவில்லை.

1898 ஆகஸ்டில், ஹூப்ளியிலிருந்து ரயில் வழியாக, பிளேக் பெங்களூருக்கு வந்தது. அன்றைக்கு ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் ஜில்லா. மேற்கே மைசூர் சமஸ்தானம். சென்னை மாகாண அரசு கையாண்ட முக்கியமான உபாயம் பிளேக் பாஸ்போர்ட். நோய் கண்ட பிரதேசத்திலிருந்து வருகிறவனுக்கு ஒரு சீட்டு. போய்ச் சேரும் ஊரில் அதைக் காட்டி, பத்து நாள் அதிகாரியின் கண்ணில் பட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒரே தேசத்துக்குள், ஒரே பாஷை பேசுகிறவன் சொந்த ஊருக்குத் திரும்பப் பாஸ்போர்ட்! முதல் வகுப்புப் பயணிக்கு ஒரு மரியாதை, மூன்றாம் வகுப்புக்கு வேறு மரியாதை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதே வருஷங்களில்தான் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் இடுக்கிமானியை வைத்துக்கொண்டு சாதிவாரியாகத் தலையையும் மூக்கையும் அளந்துகொண்டிருந்தார். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தலைவர் ரிஸ்லிக்கு மூக்கின் அளவே சாதியின் இன ஆதாரம். ரயிலடியில் அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்த கையும் மூக்கை அளந்த கையும் ஒரே அதிகாரத்தின் இரண்டு கைகள்.

ஃபூக்கோ விவரிக்கும் பிளேக் நகரத்தில் ஒவ்வொரு ஆளும் தனித்தனியாக, பெயரோடு, ஜன்னலில் வந்து நின்று கணக்குக் கொடுக்கிறான். நம்மிடம் அது பாதிதான் பொருந்தும். காகிதத்தில் ஆளின் பெயர் எழுதப்பட்டது. காகிதத்தை வாங்கிப் பார்த்த கண் ஆளைப் பார்க்கவில்லை, வகையைப் பார்த்தது. காலனியக் கண்காணிப்பின் தனித்தன்மை இந்த இடைவெளியில் இருக்கிறது.

3

இனம் என்ற சொல் வெளிப்படையாகவே புழங்கிய இடத்தில் தமிழன் என்ன ஆனான்? 1904 மார்ச்சில் ஜோஹனஸ்பர்க்கில் நிமோனியா பிளேக் வந்தது. அங்கே இந்தியர்கள் இருந்த பகுதிக்குப் பெயரே ‘கூலி லொகேஷன்’. தமிழரும் தெலுங்கரும் குஜராத்தியரும் வட இந்தியரும் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். நகராட்சி நிலத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்ட பிறகு வாடகை வாங்கியது, குப்பையை அள்ளவில்லை. நோய் வந்ததும் பழி குடியிருந்தவன் மேல். லொகேஷன் காலி செய்யப்பட்டுக் கொளுத்தப்பட்டது. ஜனங்கள் கிளிப்ஸ்புருயிட்டுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். கறுப்பு மக்களும் அங்கே தள்ளப்பட்டார்கள். பின்னாளின் சொவெட்டோவுக்கு அது ஒரு தொடக்கம்.

காந்தி நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார், நகராட்சியின் அலட்சியத்தைப் பத்திரிகைக்கு எழுதினார். 1903இல் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ தமிழிலும் அச்சானது. ஒடுக்கப்பட்டவன் தன் பத்திரிகையில் தன் நோயைத் தானே எழுதிய அரிய நேரம் அது. ஆனால் இன்னொன்றையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். நோய் வெடிப்பதற்கு முந்தைய மாதம், 1904 பிப்ரவரியில், நகரச் சுகாதார அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில், கறுப்பு மக்களை இந்தியர் பகுதியில் கலந்து குடியமர்த்துவதைக் காந்தி கடுமையாக ஆட்சேபித்திருக்கிறார். முத்திரை குத்தப்பட்டவன் முத்திரையை எதிர்க்கிறான். கூடவே, ‘என்னை அவனோட சேர்க்காதே’ என்றும் கேட்கிறான். இன அதிகாரத்தின் வெற்றி இந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் இருக்கிறது.

இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்க் கூலிகளைத் தடுத்து வைத்துச் சோதித்து அனுப்ப மண்டபத்தில் ஒரு முகாம் இருந்தது. அதே முகாம் பின்னாளில் ஈழ அகதிகளின் முகாமாயிற்று. காரணம் மாறியது, கட்டடம் மாறவில்லை.

4

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிப்பு. கையில் எடுத்த சட்டங்களில் அதே 1897ஆம் வருஷத்துச் சட்டமும் ஒன்று. பாஸ்போர்ட்டின் இடத்துக்கு இ-பாஸ் வந்தது. மாவட்டம் விட்டு மாவட்டம் போகவே அது வேண்டியிருந்தது. 2020 செப்டம்பர் 1இல்தான் மாநிலத்துக்குள் அது நீங்கியது.

மே தொடக்கத்தில் மத்திய அரசின் பட்டியலில் தமிழ்நாட்டின் ஒரே பச்சை மண்டலம் கிருஷ்ணகிரி. பச்சை என்பதில் ஒரு பெருமிதம் இருந்தது. அந்தப் பெருமிதம் யார் தலையில் விடிந்தது? பெங்களூரில் வேலை போய், வாடகை கட்ட முடியாமல் திரும்பி வந்த சொந்த ஊர்க்காரன் தலையில். ‘பெங்களூர்க்காரன் வந்துட்டான், பார்த்து’ என்று, கூடப் படித்தவனையே சொன்னார்கள். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது ‘தமிழன்’ என்று அடிபட்டு இதே ஓசூர் வழியாக ஓடிவந்தவர்கள் இருக்கிறார்கள். அங்கே தமிழன், இங்கே பெங்களூர்க்காரன். ஒரே உடம்புக்கு வாசலுக்கு ஒரு பெயர்.

ஊரில் நடந்தது வாய்ப்பேச்சு. பெரிய அளவில் நடந்தது ஊடகத்தில். டெல்லியில் நடந்த தப்லீக் ஜமாஅத் கூட்டத்துக்குப் போய் வந்தவர்களுக்குத் தொற்று கண்டபோது, தமிழகத்தின் தினசரி அறிவிப்பில் அந்த எண்ணிக்கை தனியாகச் சொல்லப்பட்டது. முதலில் மாநாட்டின் பெயரால், பிறகு ‘சிங்கிள் சோர்ஸ்’ என்று. கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போய் வந்தவனுக்கு இப்படியொரு தனி வரிசை தினந்தோறும் ஓடவில்லை. வாட்ஸ்அப்பும் வடநாட்டுத் தொலைக்காட்சிகளும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. 2020 ஆகஸ்ட் 21இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, வெளிநாட்டு ஜமாஅத்தினர் மேலான வழக்குகளை ரத்துசெய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்ற பொருளிலேயே சொன்னது. ஊடகப் பிரச்சாரத்தையும் கண்டித்தது. அதற்குள் காய்கறி வண்டிக்காரனிடம் பெயர் கேட்கும் பழக்கம் பல ஊர்களில் வந்துவிட்டிருந்தது. ‘சமூக விலகல்’ என்று ஒரு சொல்லாக்கம் வேறு. விலகி நிற்கச் சொல்லித் தர நம் சமூகத்துக்கு வைரஸ் தேவைப்பட்டதா என்ன?

பெயர் வைப்பதில் நம் ஜனங்களுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. அம்மை போட்டால் ‘ஆத்தா வந்திருக்கா’ என்பார்கள். கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. 2021இல் அதே கோவை அருகே கொரோனா தேவிக்குச் சிலை வைத்தபோது நாமெல்லாம் சிரித்தோம். மூடநம்பிக்கை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒன்று: அந்தப் பெயர் நோயைத் தெய்வத்தின் மேல் ஏற்றியது, பக்கத்து வீட்டுக்காரன் மேல் ஏற்றவில்லை. ‘சீன வைரஸ்’ என்று அமெரிக்க ஜனாதிபதி வைத்த பெயர் அதைத்தான் செய்தது. எந்தப் பெயர் அறிவியலுக்கு அதிக தூரம் என்று பகுத்தறிவாளர்கள் யோசிக்கலாம்.

5

சிப்காட் அறைகளில் அடைபட்ட ஒடிசா, பீகார், அசாம் தொழிலாளர்களை இந்த நாட்களில் நாம் என்ன சொல்லி அழைத்தோம்? ‘வடக்கன்’. வடகிழக்கு முகத்தைக் கண்டால் ‘கொரோனா’. ஜூஜூவாடியில் கேள்வி கேட்கப்பட்டவன் ஓசூருக்குள் வந்ததும் கேள்வி கேட்கிறவனாக ஆனான். ஜோஹனஸ்பர்க் கடிதத்தின் இரண்டாவது வாக்கியம் இங்கே தமிழில் பேசப்பட்டது. ‘இனம்’ என்பதை நம் விடுதலையின் சொல்லாக மட்டுமே எழுதிப் பழகியவர்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் நாம் எழுதும் இனமும் தர்ஸ்டன் அளந்த இனமும் ஒரே கல்லில் வார்த்தவை என்று எவனாவது சொல்லும்போது நம்மிடம் வாதம் இருக்காது.

நோய்த்தடுப்பு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தனிமைப்படுத்தலும் சோதனையும் உயிர் காத்தன. நோய் யாரிடம் இருக்கிறது என்று கேட்பது மருத்துவம். நோய் யாருடையது என்று கேட்பது இனவாதம். இரண்டும் ஒரே சாவடியில், ஒரே சீருடையில் நிற்பதால்தான் பிரித்துப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது.

அரசின் கணக்கு எண்களைச் சேமிக்கும். எந்த ஊரில், எந்தத் தேதியில், யாரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், யாரிடம் கேட்கவே இல்லை என்பதை அது சேமிக்காது. அந்த மாதங்களை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் பக்கத்திலேயே இருக்கிறார்கள்: மேஸ்திரிகள், ஆஷாடத் திருவிழாவுக்குக்கூட ஊர் வர முடியாதவர்கள், சுகாதார ஆய்வாளர்கள், மசூதித் தெருக்காரர்கள், ஒடிசாவுக்கு ரயிலேறிப் போய்த் திரும்பி வந்தவர்கள். ஊர் ஊராகப் போய் இவர்களிடம் கேட்டு எழுதி வைப்பது சிறுபத்திரிகைகள் செய்யக்கூடிய வேலை. அடுத்த கொள்ளைநோய்க்கு மருந்து கண்டுபிடிக்க நாளாகும். பெயர் கண்டுபிடிக்க ஒரு நாள் போதும்.