சுமைதாங்கி

வாரம் அஞ்சு நாள் ஆணி புடுங்குறவனுக்கு, சனிக்கிழமை காலங்காத்தால அஞ்சு மணிக்கு மதுரை ஜங்ஷன் எதிர்ல என்ன வேலைன்னு கேக்குறீங்களா? சைக்கிள் மக்கா, சைக்கிள். மதுரையிலிருந்து திருநெல்வேலி, 160 கிலோமீட்டர் சொச்சம், ரெண்டு நாள். ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம் வாங்க நிதி. நாங்க ஆறு பேர் ஓட்டுற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இவ்வளவுன்னு ஆபீஸ் மக்கள் காசு தர ஒத்துக்கிட்டிருந்தாங்க.

கிளம்பின இடம் மங்கம்மாள் சத்திரம். ஜங்ஷனுக்கு நேர் எதிர்ல இருக்கு. எத்தனையோ தடவை அதைத் தாண்டிப் போயிருக்கேன், நின்னு பார்த்ததில்லை. அன்னிக்கும் பார்க்கலைங்கறதுதான் உண்மை. டயருக்குக் காத்தடிக்கவே நேரம் சரியா இருந்துச்சு.

திருமங்கலம் தாண்டினதும் கரிசல் ஆரம்பிச்சுடும். நாலு வழிச்சாலை போட்டப்போ பழைய ரோட்டோரப் புளியமரமெல்லாம் போயிடுச்சு, வெயில் நேரா மண்டையில இறங்குது. கள்ளிக்குடிக்கு முன்னாடியே எனக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கிச்சு. 'நீங்க போங்கடா, வந்துடுறேன்'னு சொல்லிட்டு, பக்கத்துல பிரிஞ்ச ஊர்ப்பாதையில ஒரு வேப்பமரத்தைப் பார்த்து உருட்டிட்டுப் போனேன். கால் வலியை விட, காசு கொடுத்தவங்க கிலோமீட்டரை எண்ணிக்கிட்டிருப்பாங்க, நான் இங்க உக்காந்திருக்கேனேங்கற குத்தம்தான் பெருசா உறுத்துச்சு.

மரத்தடியில ஒரு சுமைதாங்கிக் கல். ரெண்டு கல்லை நட்டு, மேல ஒரு பலகைக்கல்லைக் குறுக்கே போட்டிருக்கும், பார்த்திருப்பீங்க. நான் அதுல சைக்கிளைச் சாய்ச்சேன். ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்த ஒரு பாட்டி, "தம்பி, அதுல சாய்க்காதய்யா, அது புள்ளத்தாச்சிக்கு நட்ட கல்லு"ன்னாங்க.

கர்ப்பமா இருக்கும்போது இறந்துபோன பொண்ணு நினைவா சுமைதாங்கி நடுறது நம்ம பக்கத்துப் பழைய வழக்கம். வயித்துச் சுமையை இறக்காமலே போயிட்டா. வழியில போறவங்க தலைச்சுமையை இறக்கி வைக்க வைக்க, அவ சுமையும் இறங்கும்னு நம்பிக்கை. யோசிச்சுப் பார்த்தா கொஞ்சம் கலங்கத்தான் செய்யுது. துக்கத்துக்கு ஒரு மண்டபம் கட்டாம, முன்ன பின்ன தெரியாதவனோட கழுத்து வலிக்கு ஒரு கல்லு நட்டிருக்காங்க.

இஞ்சினியர் மூளைக்கு இன்னொண்ணும் பட்டுச்சு. கல்லு ஏன் அந்த உயரத்துல இருக்கு? 30 கிலோ மூட்டையைத் தரையில இறக்கிட்டா, திரும்ப ஒன்றரை மீட்டர் தூக்க சுமார் 440 ஜூல் வேணும். அதுவும் தனியாளா தலைக்கு ஏத்துறது லேசுப்பட்ட காரியமில்லை. கல்லு மேல இருந்தா லேசாக் குனிஞ்சு நகர்த்திக்கலாம், யார் தயவும் வேண்டாம். எங்க அப்பத்தா திருமங்கலம் சந்தைக்குத் தலைச்சுமையா காய் கொண்டு போனவங்க. 'நடக்குறது கஷ்டமில்லடா, இறக்குனா ஏத்திவிட ஆளு வேணுமேன்னுதான் இறக்காம நடந்தேன்'னு சொல்லுவாங்க. அதோட அர்த்தம் எனக்கு அன்னிக்குத்தான் புரிஞ்சுச்சு.

இப்ப சத்திரத்துக்கு வருவோம். மங்கம்மாள் மதுரை நாயக்கர் வம்சத்து ராணி, சொக்கநாத நாயக்கரோட மனைவி. மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பன் 1689-ல அம்மை நோயில இறந்தப்போ மருமகள் நிறைமாசம். பேரன் பிறந்ததும் அந்தப் பொண்ணும் போயிடுச்சு. கைக்குழந்தையைப் பட்டத்துல உக்கார வச்சு, 1689-லேர்ந்து 1706 வரைக்கும் பாட்டிதான் நாட்டை ஆண்டாங்க. சாலை, சாலையோரம் மரம், வழிநடையா போறவங்களுக்குச் சத்திரம்னு அவங்க செஞ்சதை ஜனங்க மறக்கலை. தென் மாவட்டங்கள்ல இன்னிக்கும் மங்கம்மாள் சாலைன்னு பேர் இருக்கு. தெரியாம இடது கையால வெத்தலை போட்டுக்கிட்டதுக்குப் பிராயச்சித்தமாத்தான் இதெல்லாம் செஞ்சாங்கன்னு ஒரு கதை சொல்லுவாங்க. எனக்கென்னவோ அந்தக் கதையை விட, மகனும் மருமகளும் போனதுக்கப்புறம் ஒரு கைக்குழந்தையோட பதினேழு வருஷம் சுமந்த ஒருத்திக்கு, இளைப்பாற இடம் எவ்வளவு முக்கியம்னு தெரிஞ்சிருக்கும்னுதான் தோணுது.

அவங்க முடிவைப் பத்தி வழிவழியா சொல்றது இன்னும் கொடுமை. பேரன் பக்கத்து ஆளுங்க ராணியைச் சிறை வச்சு, கண்ணுக்குத் தெரியுற தூரத்துல சோத்தை வச்சுப் பட்டினி போட்டே கொன்னாங்களாம். ஊருக்கே சத்திரம் கட்டினவங்களுக்கு இப்படி ஒரு கதை!

சத்திரங்களை ரொம்பவும் புகழ்ந்துடவும் முடியாது. பழைய சத்திரங்கள் பலதுல யார் எங்க தங்கலாம், யாருக்கு எந்தப் பந்தின்னு சாதிதான் தீர்மானிச்சுச்சு. 1875-76-ல திருச்சியிலிருந்து மதுரைக்கும், அங்கேர்ந்து தூத்துக்குடிக்கும் ரயில் ஓட ஆரம்பிச்சதும், வழிநடைச் சத்திரங்களோட தேவையே குறைஞ்சுபோச்சு. ரயிலடிக்கு எதிர்ல இருந்ததால மதுரை மங்கம்மாள் சத்திரத்துக்கு மட்டும் புதுசா ஆளுங்க கிடைச்சாங்க.

பாட்டிகிட்ட, "அந்தப் பொண்ணு பேரு என்ன பாட்டி?"ன்னு கேட்டேன்.

"அது யாருக்கய்யா தெரியும்? எங்க மாமியா காலத்துக்கும் முந்துன கல்லு. யாரு பெத்த புள்ளையோ"ன்னுட்டு ஆட்டைப் பத்திக்கிட்டுப் போயிட்டாங்க.

ராணி பேரு சாலைக்கு இருக்கு, சத்திரத்துக்கு இருக்கு. இந்தப் பொண்ணுக்குப் பேரு இல்லை, கல்லு மட்டும் நிக்குது. தலைச்சுமை நின்னுபோய் எத்தனையோ வருஷமாச்சு, இப்ப அதுல யாரும் எதையும் இறக்கி வைக்கிறதில்லை. நான் முதுகுல இருந்த பையைக் கழட்டி அந்தப் பலகைக்கல்லு மேல வச்சேன். அரை மணி நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். குத்த உணர்ச்சி போன இடம் தெரியலை.

ரெண்டாம் நாள் கயத்தாறு பக்கத்துல கால் மறுபடியும் மக்கர் பண்ணி, மிச்சத்தை வேன்லதான் போனேன். ஓட்டின கணக்கை அப்படியே ஆபீஸ்ல சொல்லிட்டேன் :-)

மக்களே, ஒரு வேண்டுகோள். உங்க ஊர்ப்பாதையிலயும் இப்படி ஒரு கல்லு சாஞ்சு கிடக்கலாம். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது, அது யாருக்கு நட்டதுன்னு வயசான பொம்பளைங்ககிட்ட கேளுங்க. பேரு தெரிஞ்சா எழுதி வைங்க. எங்க கல்லுக்கு நான் ஒரு தலைமுறை லேட்டாப் போயிட்டேன்.