நாலு விரல், ரெண்டு விரல்

மேப்ல வர்ற நீலப் புள்ளி நம்மளை ரெண்டு தெரு தள்ளிக் காட்டினா, பக்கத்துல நிக்கிற ஆட்டோ அண்ணாகிட்ட வழி கேட்டு சமாளிச்சிடுவோம். கேட்க ஆளே இல்லாத இடத்துல அது நடந்தா?

1978, கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்னாடி. அமெரிக்கக் கடற்படையில் விமானியாக இருந்த ஜே ப்ரோச்னோ, ஒரு செஸ்னா 188 விமானத்தை அமெரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு ஓட்டிக்கொண்டு போய் ஒப்படைக்கணும். செஸ்னா 188-ன்னா வயலுக்குப் பூச்சிமருந்து தெளிக்கிற விமானம். ஒரே இன்ஜின், ஒரே சீட். அதை வெச்சுக்கிட்டு பசிபிக்கைத் தாண்டணும்! இன்னொரு செஸ்னாவில் கூட வந்த விமானிக்கு, சமோவா பக்கம் பாகோ பாகோவில் கிளம்பும்போதே விபத்து. அடுத்த நாள் ப்ரோச்னோ தனியாகக் கிளம்பினார்.

அடுத்த நிறுத்தம் நார்ஃபோக் தீவு. சுமார் 2,700 கிலோமீட்டர் தூரம். தீவோட நீளம் எட்டு கிலோமீட்டர்தான். வழி காட்ட அவர்கிட்ட இருந்தது ஏடிஎஃப் என்ற கருவி. தரையிலுள்ள ரேடியோ நிலையம் எந்தத் திசையில் இருக்கோ, அந்தப் பக்கம் அதோட முள் திரும்பும். ஆனா இந்த மாதிரிப் பழைய கருவியில ஒரு வில்லங்கம் உண்டு. கெட்டுப்போனா "நான் கெட்டுப்போயிட்டேன்"னு சொல்லாது. முள் பாட்டுக்கு எங்கேயோ காட்டிக்கிட்டே இருக்கும்.

தீவு வரவேண்டிய நேரத்துல கீழே வெறும் கடல். வேற தீவுகளின் நிலையங்களைப் பிடித்துப் பார்த்தார். எதுவும் ஒத்துப்போகலை. அப்போதான் கருவியே பழுதுன்னு புரிஞ்சது. அவசரநிலை அறிவித்தார். மொத்தம் 22 மணி நேரத்துக்கான எரிபொருளில் எவ்வளவோ தீர்ந்திருந்தது.

அந்த வட்டாரத்தில் இருந்தது ஒரே ஒரு விமானம்: ஃபிஜியிலிருந்து ஆக்லாந்து போய்க்கிட்டிருந்த ஏர் நியூசிலாந்தின் டிசி-10. உள்ளே 88 பயணிகள். கேப்டன் கார்டன் வெட், நேவிகேட்டர் உரிமமும் வைத்திருந்தவர். பயணிகளோடு வந்த இன்னொரு நேவிகேட்டர், மால்கம் ஃபோர்சைத், தானாக வந்து சேர்ந்துக்கிட்டார்.

வெட் கேட்ட முதல் விஷயம்: மூக்கை சூரியனுக்கு நேராத் திருப்பு, காம்பஸ் என்ன சொல்லுது? அதே வேலையை டிசி-10-ம் செஞ்சது. ரெண்டு எண்ணுக்கும் இருந்த சின்ன வித்தியாசம், செஸ்னா தெற்கே இருக்குன்னு சொன்னது. அடுத்து, கையை நீட்டு, அடிவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவுல எத்தனை விரல்? ப்ரோச்னோ நாலுன்னார். வெட்டுக்கு ரெண்டு. சாயங்கால சூரியன் ஒருத்தருக்கு உயரமாத் தெரிஞ்சா அவர் இன்னும் மேற்கே இருக்கார்னு அர்த்தம். அவ்வளவு பெரிய ஜெட் விமானம் விரல் கணக்கை நம்பித் திரும்பியது. கொஞ்ச நேரத்துல குறுகிய தூர விஎச்எஃப் ரேடியோவில் ப்ரோச்னோவின் குரல் கேட்டது.

ஆனா கண்ணுக்குத் தெரியலை. ஆகாயம் அவ்வளவு பெருசு. டிசி-10 தனக்குப் பின்னால் வெள்ளைக் கோடு விழ எரிபொருளைக் கொட்டிப் பார்த்தது. அதுவும் தெரியலை.

அப்புறம் நம்ம ஸ்கூல் வட்டக் கணக்கு. விஎச்எஃப் ஒரு எல்லை வரைக்கும்தான் எட்டும். அந்த எல்லையை செஸ்னாவைச் சுத்திப் போட்ட வட்டம்னு நினைச்சுக்கோங்க. குரல் மறையும் இடத்தைக் குறித்துவிட்டுத் திரும்பி, மறுபடி கேட்கும் இடத்தையும் மறையும் இடத்தையும் குறித்தால், அத்தனை புள்ளியும் வட்டத்தின் மேல். மையத்தில் செஸ்னா. இதுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. ஒரு ரேடியோ குரலை மட்டும் வெச்சு இவ்வளவு செய்யலாம்னு இந்தக் கதையைப் படிக்கிற வரை எனக்குத் தோணினதே இல்லை.

சூரியன் மறையும் நொடியைச் சொல்லச் சொன்னார்கள். நார்ஃபோக்கின் அஸ்தமனத்துக்கும் அதுக்கும் இருபத்திரண்டரை நிமிஷ வித்தியாசம். பூமி ஒரு டிகிரி சுழல நாலு நிமிஷம். அப்போ தீவுக்குக் கிழக்கே சுமார் 540 கிலோமீட்டரில் இருக்கார்.

இருட்டிய பிறகு ப்ரோச்னோவுக்குக் கடலில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. நியூசிலாந்திலிருந்து இழுத்துக்கொண்டு போகப்பட்ட பென்ராட் என்ற எண்ணெய்க் கிணறு மேடை அது. அங்கிருந்து அவரைத் தீவுக்குத் திருப்பிவிட்டார்கள். 22 மணி நேர எரிபொருளைச் சிக்கனமாக எரித்து, 23 மணி 5 நிமிஷம் பறந்து, நார்ஃபோக்கில் இறங்கினார்.

பதினோரு மாசம் கழிச்சு, 1979 நவம்பர் 28 அன்னைக்கு, ஏர் நியூசிலாந்தின் இன்னொரு டிசி-10 அண்டார்டிகாவின் எரெபஸ் மலையில் மோதியது. 257 பேரும் இறந்தார்கள். அதில் கருவி எதுவும் பழுதில்லை. அதுக்குள்ள ஏற்றியிருந்த வழித்தடத்தை மாத்தியிருந்தாங்க. விமானிகளுக்குச் சொல்லலை. அந்தக் காக்பிட்டில் இருந்தவங்க கண்ணுக்கு வெள்ளைப் பனியில் மலை ஏன் தெரியாமல் போனதுன்னு ஆராய்ந்து எழுதினவர் அதே கார்டன் வெட். எரெபஸ் விமானத்தின் ஃப்ளைட் இன்ஜினியர் கார்டன் ப்ரூக்ஸ். செஸ்னாவைத் தேடின ராத்திரி வெட்டோட காக்பிட்டில் இருந்தவரும் அவர்தான்.