நான்காவது துடிப்பு

தென் அமெரிக்க வேட்டைக்காரர்கள் அம்பு நுனியில் தடவிய நஞ்சு குராரே. அதிலிருந்து பிரித்த டியூபோகுராரைனை ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்குக் கொடுத்த அனுபவத்தை 1946-இல் சிசில் கிரேயும் ஜான் ஹால்டனும் வெளியிட்டார்கள். இருவரும் லிவர்பூல் மயக்க மருத்துவர்கள். இந்த மருந்தால் தசையைத் தளர்த்திவிட்டால் மயக்க மருந்து குறைவாகவே போதும். ஆனால் மூச்சுத் தசைகளும் தளர்ந்துவிடும். பையை அமுக்கி மருத்துவரே மூச்சு கொடுக்க வேண்டும்.

அதே ஊரின் ஜாக்சன் ரீஸ் இந்த முறையைப் பச்சிளங்குழந்தைகளிடம் கொண்டுபோனார். பிலிப் அயர் 1937-இல் அமைத்திருந்த டி வடிவக் குழாயோடு வாய் திறந்த சிறு பையொன்றை இணைத்து, 1950-இல் அதைப் பற்றி எழுதினார். நம்மூர் அறுவை அரங்குகளிலும் அது ரீஸின் பெயராலேயே அறியப்படுகிறது.

அளவுதான் சிக்கல். 1955-இல் லிவர்பூலின் ஸ்டெட், பிறந்த குழந்தைகளுக்கு டியூபோகுராரைன் எளிதில் பிடித்துக்கொள்கிறது, தசை தளர்த்தும் இன்னொரு மருந்தான சக்சமெத்தோனியமோ உடல் எடைக்குக் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்று எழுதினார். பெரியவர்களின் கணக்கை அப்படியே சுருக்க முடியாது.

மருந்து தெளிந்துவிட்டதா என்று எப்படி அறிவது? பெரியவரிடம், தலையைத் தூக்கி ஐந்து வினாடி வைத்திருங்கள் எனலாம். கைக்குழந்தையிடம் அது நடக்காது. அது தானாகக் கால்களைத் தூக்குகிறதா என்று பார்த்திருக்க வேண்டியதுதான்.

இதற்கு விடையும் லிவர்பூலிலிருந்தே வந்தது. ஹசன் அலி, அட்டிங், கிரே மூவரும் 1970-இல் மணிக்கட்டு நரம்புக்கு அரை வினாடிக்கு ஒன்றாக நான்கு மின்துடிப்புகள் கொடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரல் அசையும். மருந்து மிச்சமிருந்தால் நான்காவது அசைவு முதலாவதைவிடத் தளர்ந்திருக்கும். நான்காவதை முதலாவதால் வகுத்தால் கிடைக்கும் விகிதமே அளவுகோல். மருந்துக்கு முன் அளந்து வைத்திருக்கத் தேவையில்லை. முதலில் 0.7 போதுமென்றார்கள், விழுங்குவதற்கும் மூச்சுப்பாதையைக் காப்பதற்கும் அது போதாதென்று தெரிந்தபின் 0.9 வரம்பானது.

கண்ணாலோ கையாலோ பார்த்தால், விகிதம் 0.4-ஐத் தாண்டியதுமே நான்கு அசைவுகளும் ஒன்றுபோலத் தெரியும். அதனால்தான் எண்ணாகக் காட்டும் கருவி வேண்டியிருக்கிறது.

குழந்தைகளிடம் இதிலும் கவனம் வேண்டும். நரம்பும் தசையும் சேருமிடம் பிறந்த முதல் வாரங்களில் முழுமையாக முதிர்ந்திருக்காது. மருந்தே இல்லாதபோதும் விகிதம் சற்றுக் குறைவாக இருக்கலாம். கட்டைவிரலின் அசைவை அளக்கும் உணரிகளோ பெரியவர்களின் கைக்குச் செய்யப்பட்டவை. அசைவுக்குப் பதில் தசையின் மின்செயல்பாட்டையே பதிவுசெய்யும் கருவிகளும், சிறு கைகளுக்கேற்ற ஒட்டுமின்வாய்களும் அந்தக் குறையைத் தீர்க்க வந்தவை; மிகச் சிறிய குழந்தைகளுக்கு அவை இன்னும் பரவலாகக் கிடைக்க வேண்டும்.