கள்ளச்சந்தையும் தனிமனித சுதந்திரமும் - ஒரு வரலாற்றுப் பார்வை

ஒரு பொருளால் கெடுதல் வந்தால் அது வாங்குபவனுக்கு மட்டும்தான் என்று வைத்துக்கொள்வோம். வயது வந்த அவனை "வாங்காதே" என்று தடுக்க அரசுக்கு உரிமை உண்டா? 2011-ல் அமெரிக்காவில் தொடங்கிய 'சில்க் ரோடு' என்னும் ரகசிய இணையச் சந்தை இந்தக் கேள்வியை உலகெங்கும் விவாதமாக்கியது. ஆனால் கேள்வி புதியதல்ல. இணையம் பிறப்பதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே நெல்லைச் சீமையின் பனங்காடுகளில் இது எழுந்துவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், எது பழைய வழக்கு, எது புதிதாகச் சேர்ந்த சிக்கல் என்பது தெளிவாகும்.

ஒரு கை சுண்ணாம்பு

தாமிரபரணிக் கரையின் நெல்வயல்களையும் வாழைத் தோட்டங்களையும் தாண்டித் தெற்கே வந்தால் சாத்தான்குளம், உடன்குடி, திசையன்விளை வட்டாரம். செம்மண் தேரியும் பனையும் நிறைந்த பூமி. 1986-ல் தூத்துக்குடி மாவட்டம் தனியாகப் பிரியும் வரை சாத்தான்குளம் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது.

இங்கே பனையேறி மரத்தின் மேலேறி, பாளையைச் சீவி, கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குகிறார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அதில் சேர்வது பதநீர். ஊர்ப் பேச்சில் பதனி. அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டி புவிசார் குறியீடே பெற்றுவிட்டது. சுண்ணாம்பு தடவாமல் விட்டால் அதே சாறு புளித்துக் கள்ளாகிவிடும். மரமும் ஒன்று, பாளையும் ஒன்று, ஏறும் ஆளும் ஒருவரே. ஆனால் சட்டத்தின் கண்ணில் முதலாவது தொழில், இரண்டாவது குற்றம். இடையில் இருப்பது ஒரு கை சுண்ணாம்பு மட்டுமே.

இந்தக் கோடு எப்போதும் ஒரே இடத்தில் இருக்கவில்லை. 1937-ல் சென்னை மாகாண மதுவிலக்குச் சட்டம் வந்தது. முதலில் சேலம் மாவட்டத்தில் நடைமுறையாகி, 1948-ல் மாகாணம் முழுவதும் பரவியது. 1971-ல் தளர்ந்தது. 1974-ல் மீண்டும் வந்தது. 1981-ல் மறுபடி நீங்கியது. 1987-ல் கள்ளும் சாராயமும் திரும்பத் தடைக்குள் போயின. 2003 முதல் பிராந்தி, விஸ்கி போன்றவற்றின் சில்லறை விற்பனையை அரசின் 'டாஸ்மாக்' நிறுவனமே நடத்தி வருகிறது. அதாவது புட்டியில் அடைத்த மதுவை அரசே விற்கலாம், பனையிலிருந்து இறங்கும் கள்ளைப் பனையேறி விற்கக் கூடாது. பக்கத்து மாநிலமான கேரளத்திலோ கள்ளுக்கடைகள் சட்டப்படியே நடக்கின்றன.

இந்த முரண்பாட்டைச் சுட்டிக்காட்டித்தான் 2025 ஜூன் மாதம், சாத்தான்குளத்திற்குத் தெற்கே கடற்கரையில் உள்ள பெரியதாழையில், நாம் தமிழர் கட்சியின் சீமான் பனையேறிக் கள் இறக்கும் போராட்டம் நடத்தினார். தடையை மீறியவர் ஒளிந்துகொள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஊரறிய, பட்டப்பகலில் நடந்த மீறல் அது.

சுதந்திரம் பேசியவரே தடையும் போட்டார்

இப்படி வெளிப்படையாகச் சட்டத்தை மீறுவதற்குத் தமிழ்நாட்டில் பெரிய முன்னுதாரணம் 1930-ன் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம். ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து நடந்து சென்று, கடற்கரையில் உப்பு அள்ளிச் சிறை சென்றார்கள். உப்பு எடுப்பதே குற்றம் என்ற சட்டம் அநியாயமானது என்று நாட்டுக்கு உணர்த்தினார்கள்.

அதே ராஜாஜிதான் 1937-ல் மாகாண ஆட்சிக்கு வந்ததும் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். மது வருவாய் போனதை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரியையும் அறிமுகப்படுத்தினார். பிறகு 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, எதற்கெடுத்தாலும் அரசின் அனுமதி கேட்க வேண்டிய நிலையை 'பர்மிட்-லைசன்ஸ் ராஜ்' என்று கடுமையாகச் சாடினார். ஆனால் 1971-ல் மதுவிலக்கு தளரப்போகிறது என்று தெரிந்ததும், தொண்ணூறு வயதைக் கடந்திருந்த அவர், முதல்வர் கருணாநிதியை நேரில் சந்தித்து வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

வியாபாரிக்குச் சுதந்திரம் கேட்டவர் குடிப்பவனுக்கு ஏன் கேட்கவில்லை? மதுவிலக்கை ஆதரித்தவர்களின் வாதம் இதுதான்: குடிப்பவன் தனக்கு மட்டும் தீங்கு செய்துகொள்வதில்லை. அவன் கூலி வீடு வந்து சேராதபோது பட்டினி கிடப்பது மனைவியும் பிள்ளைகளும். ஆகவே இது தனிமனித விஷயமே அல்ல. நம் அரசியலமைப்பின் 47-ஆவது பிரிவும் மதுவிலக்கை நோக்கிச் செல்லுமாறு அரசுகளுக்கு அறிவுறுத்துகிறது.

எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு. தடை போட்டால் குடி நிற்பதில்லை, மறைவிடத்துக்குப் போகிறது. மறைவிடத்தில் விற்கும் சரக்கில் என்ன கலந்திருக்கிறது என்று யாரும் சோதிப்பதில்லை. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அரசு மதுக்கடைகள் திறந்திருந்த காலத்திலேயே மலிவு விலைக்காக அந்த மறைவுச் சந்தையைத் தேடிப் போனவர்கள் அவர்கள்.

'சில்க் ரோடு' எப்படி இயங்கியது?

இந்தப் பழைய வழக்கைத்தான் ராஸ் உல்பிரிக்ட் என்ற அமெரிக்க இளைஞர் இணையத்திற்குக் கொண்டுபோனார். டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்து, இயற்பியலும் பொருளறிவியலும் படித்தவர். அரசின் தலையீடே இல்லாத சந்தை ஒன்றை உருவாக்கிக் காட்ட விரும்பினார்.

அதற்கு அவருக்கு இரண்டு கருவிகள் கிடைத்தன. ஒன்று 'டோர்' வலையமைப்பு. அனுப்பும் தகவலைப் பல அடுக்குகளாகப் பூட்டி, பல கணினிகள் வழியாகச் சுற்றி அனுப்புவதால், யார் எங்கிருந்து பார்க்கிறார்கள் என்பது தெரியாமல் போகும். இதன் அடிப்படையை உருவாக்கியது அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடம் என்பது சுவையான செய்தி. மற்றொன்று 'பிட்காயின்'. சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் 2008-ல் அறிவிக்கப்பட்டு 2009-ல் புழக்கத்துக்கு வந்த இந்த மின்பணத்திற்கு வங்கி தேவையில்லை.

2011-ன் தொடக்கத்தில் சந்தை திறந்தது. வாங்குபவர் கட்டும் பணத்தைத் தளம் தன்னிடமே வைத்திருக்கும். சரக்கு வந்து சேர்ந்ததும் விற்றவருக்கு விடுவித்து, ஒரு பங்கைத் தரகாக எடுத்துக்கொள்ளும். வாங்கியவர்கள் விற்பவருக்கு மதிப்பெண்ணும் போடுவார்கள். இத்தனை தொழில்நுட்பத்துக்குப் பிறகும் சரக்கு வீட்டுக்கு வந்தது சாதாரணத் தபாலில்தான்.

விற்பனையில் பெரும்பகுதி போதைப்பொருள். ஆனால் தளத்துக்கென்று விதிகளும் இருந்தன. மற்றவரை ஏமாற்றவோ துன்புறுத்தவோ பயன்படும் திருட்டுக் கடன் அட்டைகள், குழந்தைகள் தொடர்பான ஆபாசப் படங்கள் போன்றவற்றுக்கு அங்கே இடமில்லை. தன் உடலுக்குள் எதைச் செலுத்துவது என்பது அவரவர் உரிமை, அடுத்தவரைத் தொடக் கூடாது என்பதே அந்தச் சந்தையின் கொள்கையாகச் சொல்லப்பட்டது. தெருமுனையில் கத்தியோடு நிற்பவனிடம் வாங்குவதைவிட மதிப்பெண் பார்த்து வாங்குவது பாதுகாப்பானது என்று ஆதரவாளர்கள் வாதிட்டார்கள். கள்ளக்குறிச்சியை நினைத்துப் பார்த்தால் இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

2013 அக்டோபர் 1 அன்று சான் பிரான்சிஸ்கோவின் ஒரு பொது நூலகத்தில் உல்பிரிக்ட் கைதானார். காதலர்கள் சண்டை போடுவதுபோல இரண்டு அதிகாரிகள் நடித்து அவர் கவனத்தைத் திருப்ப, திறந்திருந்த மடிக்கணினியை அப்படியே கைப்பற்றினார்கள். அதில் அவர் எழுதிவந்த நாட்குறிப்பும் கணக்கும் இருந்தன. ஊருக்கெல்லாம் முகமூடி தந்தவரைக் காட்டிக்கொடுத்தது அவருடைய கையெழுத்தே எனலாம். ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் அங்கே வாங்கியிருந்தார்கள் என்றது அரசுத் தரப்பு. 2015 மே மாதம் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனையும் கூடுதலாக 40 ஆண்டுகளும், பரோல் இல்லாமல், விதிக்கப்பட்டன.

வழக்கின் இருண்ட பகுதியையும் சொல்ல வேண்டும். அந்தச் சந்தையில் வாங்கிய போதைப்பொருளோடு தொடர்புடையவை என்று ஆறு மரணங்களை அரசுத் தரப்பு முன்வைத்தது. உயிரிழந்தவர்களின் பெற்றோர் நீதிமன்றத்தில் வந்து பேசினார்கள். அந்தத் தொடர்பை எதிர்த்தரப்பு மறுத்தது. ரகசியத்தை வெளியிடுவதாக மிரட்டியவர்களைக் கொல்ல உல்பிரிக்ட் பணம் கொடுத்தார் என்றும் சொல்லப்பட்டது. எந்தக் கொலையும் நடக்கவில்லை. அது தொடர்பாகத் தனியே இருந்த வழக்கும் 2018-ல் கைவிடப்பட்டது. ஆனால் தண்டனை விதித்தபோது நீதிபதி அதையும் கணக்கில் கொண்டார்.

சந்தையை மூடியதால் வியாபாரம் ஓயவில்லை. 'ஆல்ஃபாபே', 'ஹன்சா' என்று அடுத்தடுத்து முளைத்தன. இவை இரண்டும் 2017-ல் முடக்கப்பட்டன. இத்தகைய சந்தைகளில் விற்ற இந்தியர் ஒருவர் 2024-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 5 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். அவரிடமிருந்து பறிமுதலான மின்பணத்தின் மதிப்பு சுமார் 15 கோடி டாலர்.

மில் சொன்ன பதிவேடு

தனிமனித சுதந்திரம் என்றாலே எல்லோரும் மேற்கோள் காட்டுவது ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற ஆங்கில அறிஞரை. அவர் 35 ஆண்டுகள் லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். 1859-ல் வெளிவந்த 'சுதந்திரம் குறித்து' என்ற நூலில், பிறருக்குத் தீங்கு நேராமல் தடுப்பதற்காக மட்டுமே ஒருவரைச் சமூகம் கட்டுப்படுத்தலாம் என்றார். அவருடைய நன்மைக்காக என்று சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றார். மதுவிலக்கையும் எதிர்த்தார்.

ஆனால் அதே நூலில், அதிகம் பேசப்படாத ஒரு பகுதி இருக்கிறது. விஷத்தை விற்கலாமா என்று அங்கே மில் ஆராய்கிறார். தடை வேண்டாம், புட்டியில் எச்சரிக்கை ஒட்டினால் போதும் என்கிறார். கூடவே, விற்பவர் ஒரு பதிவேட்டில் வாங்குபவரின் பெயர், முகவரி, நேரம், அளவு, எதற்காக வாங்குகிறார் என்பதையெல்லாம் எழுதி வைக்கச் செய்யலாம் என்றும் சொல்கிறார். குடியால் குடும்பத்தைக் காப்பாற்றாமல் விட்டவனைக் குடித்ததற்காக அல்ல, கடமை தவறியதற்காகத் தண்டிக்கலாம் என்கிறார்.

இங்கேதான் சில்க் ரோட்டின் வாதம் தடுமாறுகிறது. மில் கேட்டது வாங்கும் உரிமை. முகம் தெரியாமல் விற்கும் உரிமை அல்ல. பனங்காட்டில் கள் விற்பவரை ஊருக்கே தெரியும். யார் வீட்டுப் பிள்ளைக்கு ஊற்றினார், யாருக்கு அளவு மீறிக் கொடுத்தார் என்று மறுநாள் வீட்டு வாசலில் வந்து கேட்க ஆள் உண்டு. இணையச் சந்தையில் வாங்குவது முப்பது வயதுக்காரரா, பதினாறு வயதுப் பையனா என்று விற்பவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. சந்தை எல்லாவற்றுக்கும் அடிப்படையாகச் சொன்ன 'வயது வந்தவரின் சம்மதம்' அங்கே யாராலும் சரிபார்க்க முடியாத ஒன்றாகிவிட்டது.

அரசை நம்பிவிடலாமா?

அப்படியானால் முகமூடியே கூடாது என்று சட்டம் போட்டுவிடலாமா? அதுவும் சரியாகாது. சில்க் ரோடு வழக்கை விசாரித்த அதிகாரிகளில் இருவரே பிட்காயினைத் திருடியதற்காக 2015-ல் சிறைத்தண்டனை பெற்றார்கள். டோர் வலையமைப்பைப் பத்திரிகையாளர்களும், தணிக்கைக்கு உட்பட்ட நாடுகளின் மக்களும் பயன்படுத்துகிறார்கள். 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

அரசின் கை எல்லை மீறினால் என்னவாகும் என்பதற்குச் சாத்தான்குளமே சாட்சி. 2020 ஜூன் மாதம், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்து வைத்ததாகச் சொல்லி, தந்தையும் மகனும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சில நாட்களில், கோவில்பட்டி கிளைச் சிறையில் இருந்த நிலையில், இருவரும் அடுத்தடுத்து இறந்தார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து விசாரித்தது. சி.பி.ஐ. ஒன்பது காவலர்கள் மீது கொலைக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. கடை மூடும் நேரம் போன்ற ஒரு சின்ன விதிகூட, கேள்வி கேட்பாரற்ற கையில் போனால் உயிரை எடுக்கும் என்பதை நாடே கண்டது.

முடிவுரை

2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் பொதுமன்னிப்பு அளிக்க, உல்பிரிக்ட் பதினோரு ஆண்டுகளுக்கு மேலான சிறைவாசத்திற்குப் பின் விடுதலையானார். ஆதரவாளர்கள் அவரைச் சுதந்திரப் போராளி என்று கொண்டாடினார்கள். ஆனால் தண்டனை அளவுக்கு மீறியது என்பது வேறு, செய்தது சரி என்பது வேறு. முதலாவதை ஒப்புக்கொள்பவர் இரண்டாவதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

வேதாரண்யத்தில் உப்பு அள்ளியவர்கள் தங்கள் பெயரைச் சொல்லிச் சிறைக்குப் போனார்கள். அதனால்தான் அந்தச் சட்டத்தின் அநியாயம் வெளிச்சத்துக்கு வந்தது. கள்ளுக்குத் தடை நியாயமா என்பதையும் அப்படியே பேரவையிலும் நீதிமன்றத்திலும் தெருவிலும் பேசித் தீர்க்க முடியும். மறைவுச் சந்தை அந்தப் பேச்சை நடத்துவதில்லை. சட்டத்தை அப்படியே விட்டுவிட்டு அதன் பின்புறமாக வியாபாரத்தை மட்டும் நடத்துகிறது.

எளியவன் அதிகாரத்திடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள மறைவு தேவைப்படலாம். அடுத்தவர் உயிரோடு விளையாடும் சரக்கை விற்பவனுக்கு அதே மறைவைக் கொடுக்கும்போது, கணக்குக் கேட்க யாருமில்லாமல் போகிறது. தனிமனித சுதந்திரம் வேண்டும் என்பவர்கள் அரசிடம் கேட்கும் அதே கணக்கைச் சந்தையிடமும் கேட்டாக வேண்டும்.