மறதிநோயாளரைப் பேணுவோரும் அவர்தம் துணையும் – ஒரு வரலாற்று நோக்கு

நோய்களின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் இருவரையே நினைவுகூர்ந்தனர். ஒருவர் நோயாளி; மற்றவர் வைத்தியர். கட்டிலருகே இரவெல்லாம் விழித்திருந்த மூன்றாமவர் அவ்வரலாற்றில் இடம்பெற்றிலர். முதுமையில் அறிவு தேய்ந்து, உற்றாரை மறந்து, ஈற்றில் தம்மையும் மறக்கும் நோயைப் பொறுத்தவரை இக்குறை பெரிதாகும். ஏனெனில், அதனை முற்றாகத் தீர்க்கும் மருந்து இன்றும் இல்லை. பேணுதலே பெரும்பங்கு மருந்தாக நிற்கின்றது. அம்மூன்றாமவர் தமக்கெனத் துணை தேடிய வரலாற்றையும், அத்துணை இன்று கணினித் திரைவரை வந்த வகையையும் ஈண்டு ஒருசிறிது நோக்குவாம்.

1901 ஆம் ஆண்டு நவம்பரில், ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகர மனநோய் வைத்தியசாலையில் ஒளகுஸ்ரே டீற்றர் என்னும் 51 வயதுப் பெண்மணி சேர்க்கப்பட்டார். அவரைச் சோதித்தவர் அலோய்ஸ் அல்சைமர். 1906 ஏப்ரலில் அப்பெண்மணி இறந்தபின் அவரது மூளையை நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்த அல்சைமர், அவ்வாண்டு நவம்பர் 3 இல் தியூபிங்கன் நகரில் கூடிய வைத்தியர் சபையில் தம் முடிபுகளை எடுத்துரைத்தார். சபையோர் வினா ஒன்றேனும் எழுப்பினாரிலர். 1910 இல் கிரெப்பலின் தமது பாடநூலில் அந்நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார். இவை யாவும் நூல்களில் விரிவாக உள. ஆனால், மனைவியின் மறதியையும் காரணமற்ற ஐயத்தையும் வீட்டிலிருந்து தாங்கிய கணவரை, புகையிரதப் பகுதி எழுதுவினைஞர் என்ற ஒரு வரியோடு வரலாறு விட்டுச் சென்றுவிட்டது.

நம்மவரிடையே இந்நிலை வேறுவகையில் அமைந்திருந்தது. யாழ்ப்பாண வழக்கில் ‘அறளை பெயர்தல்’ என்றொரு தொடர் உண்டு. முதியவர் ஒருவர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னால், அவருக்கு அறளை பெயர்ந்துவிட்டதென்பர். அச்சொல்லில் இரக்கமும் எள்ளலும் கலந்திருந்தன. நோய் என்ற எண்ணம் மாத்திரம் இருந்திலது. கேரளத்துத் திருச்சூர்ப் பகுதி மக்கள் இந்நிலையைச் ‘சின்னன்’ என வழங்கியதை ஆய்வாளர் குறித்துள்ளனர். குழந்தைத்தன்மை என்பது அதன் பொருள். இலங்கைத் தமிழர் சிறியதைச் சின்னன் என்பதை அறிந்தோர்க்கு இச்சொல் அயலாகத் தோன்றாது. அதே பகுதியில் நோயாளர் குடும்பங்களை ஆராய்ந்தோர் இன்னுமொன்றையுங் கண்டனர். பேணியோரிற் பெரும்பாலோர் பெண்கள்; முதியவரின் பிறழ்ந்த நடத்தை பலவேளைகளில் வேண்டுமென்றே செய்யும் குறும்பாகக் கருதப்பட்டது. நோயென்று அறியப்படாத இடத்தில் பேணுபவளும் பேணுபவளாக அறியப்படாள். பொறுமையற்ற மருமகள் என்பதே அவளுக்குக் கிடைக்கும் பெயர்.

மேனாட்டில் இந்நிலை மாறத் தொடங்கியது 1970 களின் பிற்பகுதியிலாம். 1978 இல் கனடாவிலும், 1979 இல் இங்கிலாந்திலும், 1980 இல் அமெரிக்காவிலும் அல்சைமர் சங்கங்கள் தோன்றின. அமெரிக்கச் சங்கத்தை முன்னின்று நிறுவிய ஜெரோம் ஸ்ரோன் வைத்தியரல்லர்; நோயுற்ற மனைவியைப் பெற்றிருந்த சிக்காகோ வணிகர். 1981 இல் பால்ற்றிமோர் நகரிலிருந்து மேஸ், ராபின்ஸ் என்னும் இருவர் பேணுவோர்க்கென ஒரு கைந்நூலை வெளியிட்டனர். முப்பத்தாறு மணிநேர நாள் என்பது அதன் தலைப்பின் பொருள். பேணுவோரின் பகலுக்கும் இரவுக்கும் இதனினும் பொருத்தமான கணக்கு வேறில்லை. 1984 இல் பல நாட்டுச் சங்கங்களும் ஒன்றிணைந்தன.

எனினும், சங்கக் கூட்டத்துக்குச் செல்லவேண்டுமாயின் நோயாளியை யார் பார்ப்பது? இச்சிறு வினாவே கணினியை இவ்வரலாற்றினுட் கொணர்ந்தது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், பற்றீசியா பிரெனன் என்னும் தாதியியற் பேராசிரியர், 1990 களின் தொடக்கத்தில் ‘கொம்பியூட்டர் லிங்க்’ என்னும் திட்டத்தை நடத்தினார். 102 பேணுவோர் அதிற் பங்குகொண்டனர். அவருட் பாதிப்பேரின் வீடுகளில் தொலைபேசிக் கம்பியோடு இணைந்த கணினி முனையம் வைக்கப்பட்டது. படமோ ஒலியோ இல்லை, வெறும் எழுத்துகளே. இரவு பகல் எவ்வேளையிலும் ஒருவர் எழுதலாம், மற்றவர் மறுமொழி எழுதலாம், தாதியிடம் பெயர் கூறாது வினவலாம். நோய்பற்றிய விளக்கங்களும், முடிவெடுக்க உதவும் பகுதியொன்றும் அதில் இருந்தன. ஆயினும், மக்கள் மிகுதியும் நாடியது ஒருவரோடொருவர் உரையாடும் பகுதியையே. ஓராண்டின் பின் நோக்கியபோது, அவர்கள் தாம் எடுக்கும் முடிவுகளில் கூடிய நம்பிக்கை பெற்றிருந்தனர். முடிவெடுக்கும் திறன் மாறவில்லை, தனிமையும் அளவிடத்தக்கவாறு குறைந்திலது. இதனைத் தோல்வியென்று கூறுவார் உளர். யான் அவ்வாறு கருதேன். தாயை அறையிற் பூட்டுவதா, கதவைத் திறந்துவிடுவதா என்று நள்ளிரவில் தடுமாறும் ஒருத்திக்குத் தன் முடிவில் நம்பிக்கை பிறப்பது சிறு பேறன்று.

இந்தியாவில் 1992 இல் கேரளத்துக் குன்னங்குளத்தில் வைத்தியர் ஜேக்கப் ரோய் முதலியோரால் அல்சைமர் சங்கம் தோற்றுவிக்கப்பட்டது. 1998 இல் கொச்சியிற் கூடிய மாநாட்டில் 10/66 என்னும் ஆய்வுக்குழு பிறந்தது. இந்நோயாளரில் 66 வீதத்தினர் வளர்முக நாடுகளில் வாழ, ஆராய்ச்சியில் 10 வீதத்துக்குங் குறைந்த பங்கே அந்நாடுகளுக்குக் கிடைத்தது என்பதை அப்பெயர் சுட்டுகின்றது. பின்னர் உலக சுகாதார நிறுவனம் ‘ஐசப்போர்ட்’ என்னும் இணையவழிப் பயிற்சியைப் பேணுவோர்க்கென ஆக்கி, 2019 இல் உலகிற்கு வழங்கியது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவன வைத்தியர் பங்குகொண்ட இந்தியப் பரீட்சையில் 151 பேர் சேர்ந்தனர். மூன்று மாத முடிவுவரை நின்றோர் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினரே. நோயாளியைக் கருதும் மனப்பான்மை சீர்ப்பட்டதேயன்றி, மனச்சுமை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆசிரியத் தொழிலிலிருக்கும் என்போன்றோர்க்கு ஒப்புக்கொள்ளச் சிறிது கசப்பாயினும், பாடத்தைவிடப் பேச்சே பேணுவோர்க்கு உகந்ததென்று கிளீவ்லாந்தையும் இந்தியாவையும் ஒப்புநோக்குவோர் எண்ண இடமுண்டு. பாடத்துக்கு ஓய்வு வேண்டும். ஓய்வில்லாமையே பேணுவோரின் முதற்றுன்பம்.

இனி நம் நாட்டை நோக்குவாம். கொழும்பில் இலங்கை அல்சைமர் மன்றம் 2001 இல் நிறுவப்பட்டது. ராகமைப் பகுதியில் 65 வயதுக்கு மேற்பட்ட 703 பேரிடை நடத்தப்பெற்று 2003 இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ 4 வீதத்தினர்க்கு இந்நோய் இருப்பதைக் கண்டது. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் புறக்கணியாமை பிள்ளைகளின் கடன் என்றது. கடனைச் சட்டம் சொல்லிற்று. அக்கடனை ஆற்றுபவள் களைத்தால் யாரிடஞ் செல்வது என்பது வீட்டின் பிரச்சினையாகவே எஞ்சியது.

கண்டி மாவட்டத் தமிழ்க் குடும்பங்களில் இப்பிரச்சினைக்குத் தனியான வரலாற்றுக் காரணமொன்றும் உண்டு. 1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும், 300,000 பேரை இலங்கைக்கும் எனக் கணக்கிட்டது; எஞ்சிய 150,000 பேர் 1974 இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். உடன்பிறந்தாருள் ஒருவர் தலைமன்னாரிற் கப்பலேற, மற்றவர் மலையிலேயே நின்றனர். 1983 இன் பின் வேறு பலர் கனடாவுக்கும் இலண்டனுக்கும் சென்றனர். மத்திய கிழக்குக்குச் சென்ற பெண்களும் பலர். பாட்டியை முறைவைத்துப் பார்க்கவேண்டிய கைகள் இவ்வாறே நாடு நாடாகப் பிரிந்துபோயின.

அம்பிட்டியவில் நோயாளியோடு வாழும் ஒரு வீட்டை எண்ணிப் பார்க்க. பேராதனைப் போதனா வைத்தியசாலைக்குச் செல்லவேண்டுமாயின், இடம் புரியாது அஞ்சும் முதியவரைப் பஸ்ஸிலேற்றிக் கண்டி நகரைக் கடந்து அப்பாற் செல்லவேண்டும். ஒரு பகல் அதிலேயே கழியும். மாலையில் வெளிநாட்டு மகன் வீடியோ அழைப்பில் வருவார். தாய் ஐந்து நிமிடம் சிரித்துப் பேசுவார்; இந்நோயின் நடுப்பருவம்வரை அவ்வாறு பேச இயலும். “அம்மா நல்லாத்தானே இருக்கிறா, அண்ணி?” என்று மகன் கேட்பார். இரவில் மூன்றுமுறை உடைமாற்றியவளுக்கு இக்கேள்வியினும் கொடியது பிறிதில்லை. ஆகவே, திரை இருப்பது மட்டும் துணையாகாது. திரையின் மறுபுறத்தில் இருப்பவரும் அவ்வழி சென்றவராயிருத்தல் வேண்டும். அவர் தமிழிலும் பேசவேண்டும். ஆங்கிலத்தில் மலைபோற் குவிந்துள்ள அறிவுரை, தோட்டப் பாடசாலையிற் படித்த ஒருத்தியின் கையில் ஏறாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் நின்றபோது, இணையத்துணை எத்துணை மெல்லிய கம்பியில் தொங்குகின்றது என்பதும் தெரிந்தது.

இருப்பினும், பிரித்த கடலே ஓர் உதவியையும் வைத்துள்ளது. அம்பிட்டியவில் நள்ளிரவு கடந்து 2 மணியாகும்போது, இலண்டனில் முன்னிரவு. ரொறன்ரோவிலோ முன்னாட் பிற்பகல். மாமியார் எழுந்து கதவைத் தட்டும் அந்நேரத்தில் அயலவர் யாவரும் உறங்குவர். தன் தாயை இதே நோய்க்கு இழந்த உறவுப்பெண் ஒருத்தி, அங்கே வேலைவிட்டு பஸ்ஸில் வீடு திரும்பிக்கொண்டிருப்பாள். அவள் கையில் தொலைபேசி இருக்கும்.