பயணிகளுக்கு ஓர் எச்சரிக்கை

1915ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதியன்று காலையில் நியூயார்க் நகரத்தில் செய்தித்தாளைப் பிரித்தவர்கள், கப்பல் பிரயாண விளம்பரங்கள் வரும் பக்கத்தில் ஒரு புதுமையைக் கண்டனர். குனார்டு கம்பெனியாரின் 'லூசிட்டேனியா' என்னும் பெருங்கப்பல் அன்று லிவர்ப்பூலுக்குப் புறப்படுகிறது என்ற விளம்பரம் வழக்கம்போல் இருந்தது. சில பத்திரிகைகளில் அதனை ஒட்டியே வேறோர் அறிவிப்பும் இருந்தது. ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் போர் நடக்கிறது. பிரிட்டிஷ் தீவுகளைச் சூழ்ந்த கடலும் போர்க்களத்தைச் சேர்ந்ததே. அங்கே பிரிட்டிஷ் கொடி தாங்கிய கப்பல்கள் அழிவுக்கு உள்ளாகலாம். அவற்றில் ஏறுவோர் தம் பொறுப்பிலேயே ஏறுகின்றனர். இதுவே அதன் சாரம். கீழே வாஷிங்டனில் இருந்த ஜெர்மன் தூதரகத்தின் பெயரும், ஏப்ரல் 22 என்ற தேதியும் காணப்பட்டன.

அயல்நாடு செல்லும் குடிமக்களுக்கு, "அங்கே கலகம், போக வேண்டா" என்று அரசாங்கங்கள் அறிவிப்பு விடுப்பது இன்று அன்றாட நிகழ்ச்சியாகிவிட்டது. அவ்வறிவிப்பைச் சொந்த நாட்டு அரசாங்கமே தருவது முறை. ஆனால் அன்று அமெரிக்கரை எச்சரித்தது வேற்றரசு. அவர்தம் சொந்த அரசோ வாய் திறக்கவில்லை. அந்த எச்சரிக்கைக்கும் இந்த மௌனத்துக்கும் பின்னே நின்ற காரணங்களை இங்கே ஆராய்வோம்.

அந்தப் போரை நம் நாடு அறியாததன்று. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவில் 'எம்டன்' என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைக் கரைக்கு அப்பால் நின்று குண்டு வீசி, எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுச் சென்றது. மிக்க சாமர்த்தியசாலியை 'எம்டன்' என்று சொல்லும் வழக்கு நம்மிடையே வந்த வரலாறு அதுதான். எம்டன் நீரின்மேல் சென்ற கப்பல். அட்லாண்டிக் கடலில் ஜெர்மானியர் நம்பியிருந்ததோ நீர்மூழ்கிக் கப்பலை. வணிகக் கப்பலைப் பிடிக்கும் போர்க்கப்பல் முதலில் அதனை நிறுத்திச் சோதனையிட வேண்டும். மூழ்கடிப்பதாயின் அதிலுள்ளோரைப் பத்திரமாக வெளியேற்ற வேண்டும். இது பழைய கடல் சட்டம். மெல்லிய உடலுடைய நீர்மூழ்கி மேலே வந்து இந்த மரியாதைகளைச் செய்யப் புகுந்தால், பெரிய கப்பல் அதன்மேல் மோதியே அதனைப் பிளந்துவிடும். எனவே அது மறைந்திருந்தே தாக்கியது.

சட்டத்தைப் புறக்கணித்தவர் ஜெர்மானியர் மட்டும் அல்லர். 1914 நவம்பரிலேயே பிரிட்டன் வடகடல் முழுவதையும் போர்ப்பகுதி என்று அறிவித்துவிட்டது. ஜெர்மனிக்குச் சென்ற சரக்குகளையும் தடுத்தது. அதற்கு மறுமொழியாக ஜெர்மனி 1915 பிப்ரவரி 4ஆம் நாள், பிரிட்டிஷ் தீவுகளைச் சுற்றிய கடல் தன் போர்ப்பகுதி என்றது. பிரிட்டிஷ் கப்பல்கள் அஞ்சி நடுநிலை நாடுகளின் கொடிகளை ஏற்றிக்கொள்ளலாயின. லூசிட்டேனியாவே அந்தப் பிப்ரவரியில் அமெரிக்கக் கொடியைப் பறக்கவிட்டுக்கொண்டு கரை சேர்ந்தது. அமெரிக்க ஜனாதிபதி வில்சனின் அந்தரங்க நண்பர் கர்னல் ஹவுஸ் அப்போது அக்கப்பலில் பயணியாக இருந்தார். பிரிட்டிஷ் கடற்படை அமைச்சர் சர்ச்சில், அதே மாதத்தில் சக அமைச்சர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், அமெரிக்காவை ஜெர்மனியோடு பிணக்கில் மாட்டும் நம்பிக்கையில் நடுநிலைக் கப்பல்களைத் தம் கரைகளுக்கு ஈர்ப்பது மிக முக்கியம் என்றார். இதனைக் கொண்டு, லூசிட்டேனியா வேண்டுமென்றே பலியிடப்பட்டது என்று முடிவு கட்டுவோர் உண்டு. கடிதம் அவ்வளவு சுமையைத் தாங்காது. எனினும் அமெரிக்கப் பயணிகளை எச்சரிக்கும் ஆவல் பிரிட்டிஷ் அமைச்சரவைக்கு இருந்திருக்க முடியாது என்பது தெளிவு.

ஜெர்மன் தூதரகத்தின் கருணையும் கலப்பற்றதன்று. அமெரிக்கர் பிரிட்டிஷ் கப்பல்களை விட்டு விலகினால் நீர்மூழ்கிகளுக்குத் தடையில்லை. பிரிட்டிஷ் கம்பெனிகளுக்கு நஷ்டம். விலகாவிடின், பின்னர் "முன்பே சொன்னோம்" என்று கைகழுவிக்கொள்ளலாம். எச்சரித்த கையும் தாக்கிய கையும் ஒன்றே.

பயணிகளில் ஒரு சிலரே பின்வாங்கினர். இவ்வளவு விரைந்து செல்லும் கப்பலை எந்த நீர்மூழ்கியும் பிடிக்காது என்றனர் கம்பெனியார். நிலக்கரிச் சிக்கனத்துக்காகக் கொதிகலன் அறைகளில் ஒன்று மூடப்பட்டிருந்ததையும், அதனால் மணிக்கு 21 கடல்மைலுக்குமேல் அக்கப்பல் ஓட இயலாது என்பதையும் அவர்கள் விளம்பரம் செய்யவில்லை. சரக்கறையில் 4,000க்கு மேற்பட்ட பெட்டிகளில் துப்பாக்கித் தோட்டாக்கள் இருந்ததையும் பயணிகளிடம் சொல்வாரில்லை. அன்றைய தினமே அமெரிக்கக் கொடி தாங்கிய 'நியூயார்க்' என்னும் கப்பலும் அதே துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. அது மெதுவாகச் செல்லும், வசதியும் குறைவு. தம் அரசாங்கம் ஒரு சொல் சொல்லியிருந்தால் எத்தனை பேர் அதில் ஏறியிருப்பரோ!

மே 7ஆம் நாள் பிற்பகல், அயர்லாந்தின் தென்கரைக்கு அப்பால், யூ-20 என்ற நீர்மூழ்கி எய்த ஒரே டார்ப்பிடோ லூசிட்டேனியாவைத் தாக்கியது. 18 நிமிடங்களில் அப்பெருங்கப்பல் மூழ்கிப் போயிற்று. இறந்தோர் ஏறக்குறைய 1,200 பேர். அவருள் அமெரிக்கர் 128 பேர்.

ஜெர்மானியர் விளம்பரத்தைச் சுட்டிக் காட்டினர். வில்சன் மே 13ஆம் நாள் அனுப்பிய குறிப்பில் அதற்கு விடையிறுத்தார். சட்டத்துக்குப் புறம்பான செயலைச் செய்யப் போவதாக முன்னறிவித்துவிட்டால் அச்செயலின் குற்றம் குறைந்துவிடாது என்பது அவர் வாதம். இதனை மறுப்பது அரிது. நாளை உன் வீட்டில் திருடுவேன் என்று கடிதம் எழுதிவிட்டு வந்தவனும் திருடன்தானே?

ஆனால் வில்சனின் அமைச்சரவையிலேயே ஒருவர் வேறு வினா எழுப்பினார். அவர் வெளிநாட்டு அமைச்சர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். திருடன் குற்றவாளியே; ஆயினும் கதவைத் தாழிடு என்று வீட்டாரிடம் சொல்வதில் என்ன பிழை? தோட்டாக்கள் ஏற்றிய கப்பல், பயணிகளைத் தனக்குக் காப்பாக வைத்துக்கொள்வது, படைக்கு முன்னே பெண்களையும் குழந்தைகளையும் நிறுத்துவதற்கு ஒப்பாகும் என்று அவர் ஜனாதிபதிக்கு எழுதினார். பிரிட்டிஷ் கப்பல்களில் ஏற வேண்டா என்று குடிமக்களுக்குக் கூறுமாறு மன்றாடினார். வில்சன் இணங்கவில்லை. இரண்டாவது குறிப்பில் கையெழுத்திட மனமின்றிப் பிரையன் ஜூன் மாதத்தில் பதவியைத் துறந்தார். அந்நாளில் அவரைக் கோழை என்று ஏசாத பெரிய பத்திரிகை அரிது.

இங்கே மாணவர்கள் ஒரு செய்தியை நினைவிற்கொள்ள வேண்டும். குடிமக்களுக்குப் பயண எச்சரிக்கை விடுப்பது வில்சனுக்குப் புதிதன்று. 1913 ஆகஸ்டில், மெக்சிகோவில் உள்நாட்டுக் கலகம் மூண்டபோது, அமெரிக்கர் அனைவரும் அந்நாட்டை விட்டு உடனே வெளியேற வேண்டும் என்று காங்கிரஸ் சபையில் வேண்டிக்கொண்டவர் அவரே. மெக்சிகோவில் வாழ அமெரிக்கருக்கு உரிமை இல்லாமலில்லை. ஆயினும் அங்கே குடிமக்களை வெளியேறச் சொல்வது, தலையிடாமல் பொறுத்திருக்கும் அவர் கொள்கைக்குத் துணை செய்தது. அட்லாண்டிக்கில் சொல்லியிருந்தால், ஜெர்மனி கீறிய எல்லைக் கோட்டை அமெரிக்கா ஒப்புக்கொண்டதாகியிருக்கும். நேச நாடுகளோடு பெருகிவந்த வாணிபத்துக்கும் ஊறு நேர்ந்திருக்கும். ஆகவே இரண்டு இடங்களிலும் அபாயத்தின் அளவைவிட, 'அபாயம்' என்ற சொல்லை உச்சரிப்பதால் அரசு எதனை இழக்கும் என்பதே தீர்மானித்தது.

1916இல் இவ்வழக்கு காங்கிரஸ் சபைக்கே வந்தது. ஆயுதம் தாங்கிய வணிகக் கப்பல்களைப் போர்க்கப்பல்களாகவே கருதித் தாக்குவோம் என்று ஜெர்மனி அறிவித்திருந்தது. அத்தகைய கப்பல்களில் பயணம் செய்யலாகாது என்று அமெரிக்கரை எச்சரிக்க வேண்டும் என, டெக்சாஸைச் சேர்ந்த மக்லெமோர் கீழ்ச் சபையிலும், ஒக்லஹோமாவின் கண்பார்வையற்ற உறுப்பினர் தாமஸ் கோர் செனட்டிலும் தீர்மானங்கள் கொணர்ந்தனர். வில்சன் பிப்ரவரி 24ஆம் நாள் செனட்டர் ஸ்டோனுக்குக் கடிதம் விடுத்தார். ஓர் உரிமையில் சிறிது விட்டுக்கொடுத்தாலும் அவமானங்கள் தொடரும். சர்வதேசச் சட்டம் என்னும் நெசவே இழை இழையாகப் பிரிந்துபோகும் என்றார். கோர் கடைசி நேரத்தில் தம் தீர்மானத்தின் சொற்களையே தலைகீழாக மாற்றிச் சபையைக் குழப்பியது ஒரு தனி வேடிக்கை. மார்ச் 3ஆம் நாள் செனட் அதனை 68க்கு 14 என்ற வாக்குகளால் ஒதுக்கிவைத்தது; 7ஆம் நாள் கீழ்ச் சபை மக்லெமோரின் தீர்மானத்தை 276க்கு 142 என்ற வாக்குகளால் ஒதுக்கியது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கா போரில் குதித்தது.

வில்சன் கூறிய சட்டம் பொய்யன்று. ஆனால் அச்சட்டத்தைத் தாங்கி நிறுத்தும் பாரத்தை அவர் சுமத்தியது, கப்பலேறிய தாய்மார்மீதும் வணிகர்மீதும். அவர்களை ஒருவரும் கலந்து கேட்கவில்லை.

பிரையன் 1925இல் மறைந்தார். பத்தாண்டு கழித்து, 1935 ஆகஸ்டில், நடுநிலைச் சட்டம் நிறைவேறியது. போரிடும் நாட்டுக் கப்பல்களில் செல்லும் அமெரிக்கர் தம் பொறுப்பிலேயே செல்கின்றனர் என்று அறிவிக்கும் அதிகாரத்தை அது ஜனாதிபதிக்கு அளித்தது. ஜெர்மன் தூதரகத்தின் பழைய வாசகமே அமெரிக்கச் சட்டத்தில் இடம் பெற்றது! அக்டோபரில் இத்தாலி எத்தியோப்பியாவின்மீது படையெடுத்தபோது ரூஸ்வெல்ட் அந்த அறிவிப்பை வெளியிட்டார். நடுநிலையான சொற்கள், ஆனால் எத்தியோப்பியாவுக்குக் கடற்கரையும் இல்லை, பயணிக் கப்பலும் இல்லை. அடி முழுவதும் இத்தாலியக் கப்பல் கம்பெனிகளுக்கே. 1937இல் சட்டம் இன்னும் இறுகி, அத்தகைய பயணத்தையே தடுத்துவிட்டது.

கப்பல் போய் விமானம் வந்த பின்னும் மௌனத்தின் வழக்கு தீரவில்லை. 1988 டிசம்பர் 5ஆம் நாள், ஹெல்சிங்கியிலிருந்த அமெரிக்கத் தூதரகத்துக்கு ஒருவன் தொலைபேசியில் பேசி, பிராங்க்பர்ட்டிலிருந்து அமெரிக்கா செல்லும் 'பான் ஆம்' விமானம் ஒன்று இரண்டு வாரத்துக்குள் தகர்க்கப்படும் என்றான். செய்தி தூதரகங்களுக்கும் விமான கம்பெனிகளுக்கும் சென்றது. மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தில் அது பணியாளர் காணும்படி ஒட்டப்பட்டது; பயணத்தை மாற்றிக்கொள்வது அவரவர் விருப்பம் என்றும் குறிக்கப்பட்டது. பொதுமக்களுக்கு ஒன்றும் கூறப்படவில்லை. டிசம்பர் 21ஆம் நாள் ஸ்காட்லாந்திலுள்ள லாக்கர்பி என்ற ஊரின்மேல் பான் ஆம் 103ஆம் விமானம் வெடித்துச் சிதறியது. விமானத்தில் 259 பேரும் தரையில் 11 பேரும் மாண்டனர். தொலைபேசிச் செய்தி வெறும் புரளி, நிகழ்ச்சியோடு பொருந்தியது தற்செயல் என்றே விசாரணையாளர் கருதினர். ஆயினும் மாஸ்கோவில் ஒட்டிய தாளை இறந்தோரின் குடும்பத்தார் மறக்க மறுத்தனர். அவர்களுடைய விடாமுயற்சியால் 1990இல் புதிய சட்டம் பிறந்தது. தன் பணியாளருக்குச் சொல்லும் அபாயத்தை மற்றப் பயணிகளுக்கு அரசு மறைக்கலாகாது என்ற நெறி அதனால் உறுதிப்பட்டது.

அதன்பின் அதிகாரிகளுக்கு மௌனமே ஆபத்தாயிற்று. சொல்லாமல் விட்டால் பழி வரும். மிகையாகச் சொன்னால் தம் நாட்டில் கேட்பாரில்லை. மிகையின் விலையைக் கொடுப்போர் வேறு நாட்டில் இருக்கின்றனர். 2019 ஏப்ரல் 21ஆம் நாள், ஈஸ்டர் திருநாளில் இலங்கையின் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. சில நாட்களில், அத்தியாவசியமான பயணம் தவிர மற்றவற்றைக் கைவிடுமாறு பிரிட்டன் தன் குடிமக்களுக்குக் கூறியது. மற்ற நாடுகள் பலவும் அவ்வாறே எச்சரித்தன. மே மாதத்தில் அத்தீவுக்கு வந்த சுற்றுலாப் பயணிகள், முந்தைய ஆண்டு மே மாதத்தில் வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்கூட இல்லை. எச்சரிக்கைகளைத் தளர்த்துமாறு இலங்கை அரசாங்கம் வேற்று நாடுகளை வேண்டிக்கொண்டிருந்தது. ஜூன் மாதத் தொடக்கத்தில் பிரிட்டன் தன் அறிவிப்பைத் தளர்த்தியது. அதுவரையில் கடற்கரை விடுதிகளின் சமையற்காரரும், வாடகைக் கார் ஓட்டுநரும், பொருள் விற்கும் பெண்களும் வெறும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.