மதுரைத் திட்டம்: தன்னார்வ முயற்சியில் தலைமையும் முடிவெடுத்தலும்

மதுரைத் திட்டம் என்பது தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவில் ஆக்கி, இணையத்தில் கட்டணமின்றி வழங்கும் தன்னார்வ முயற்சியாகும். மதுரை தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டம் என்பது இதன் முழுப்பெயர். 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் இது தொடங்கப்பட்டது. ஊதியம் பெறாத, பெரும்பாலும் ஒருவரையொருவர் நேரில் காணாத மனிதர்கள் கூடிச் செய்யும் பணியில் முடிவெடுப்பவர் யார், அம்முடிவை மற்றவர்கள் ஏன் ஏற்கிறார்கள் என்னும் வினாக்களுக்கு இத்திட்டத்தின் வரலாறு நல்ல விடை தருகிறது.

தொடக்கம்

அமெரிக்காவில் மைக்கேல் ஹார்ட் 1971இல் தொடங்கிய குட்டன்பர்க் திட்டம் உலகின் முதல் மின்னூல் திட்டமாகும். அதே வழியில் தமிழுக்கும் ஒரு தொகுப்பு வேண்டும் என்று கருதியவர்களுள் முதன்மையானவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழும் வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம். அவர் தலைவராகவும், அமெரிக்காவில் வாழ்ந்த குமார் மல்லிகார்ஜுனன் துணைத்தலைவராகவும் பொறுப்பேற்றனர். சங்கம் வளர்த்த நகரின் பெயரே திட்டத்திற்கும் சூட்டப்பட்டது. தொகுப்பின் முதல் எண் திருக்குறளுக்கு உரியது.

ஆணையிட முடியாத தலைமை

ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் கால அட்டவணை போட்டுக் கொடுத்தால் ஆசிரியர்கள் அதன்படி வகுப்புக்குச் செல்வார்கள். தன்னார்வத் திட்டத்தின் தலைவரிடம் சம்பளமும் இல்லை, தண்டனையும் இல்லை. பிடிக்காதவர் நாளையே விலகிவிடலாம். ஆகவே தலைவர் தாமே மிகுதியாக உழைத்துத்தான் மற்றவர்களின் நம்பிக்கையைப் பெற வேண்டும். கல்யாணசுந்தரம் 'மயிலை' என்னும் தமிழ் எழுத்துருவை முன்னரே உருவாக்கி இலவசமாக வழங்கியவர். அந்த உழைப்பே அவருடைய சொல்லுக்கு மதிப்பைத் தந்தது.

பணிகள் சிறு சிறு கூறுகளாகப் பிரிக்கப்பட்டன. ஒருவர் நூலைத் தட்டச்சு செய்வார்; இன்னொருவர் மெய்ப்புப் பார்ப்பார்; வேறொருவர் இணையப் பக்கமாக அமைப்பார். பிற்காலத்தில் ஒரே நூலின் பக்கங்களைப் பலருக்குப் பகிர்ந்தளித்து மெய்ப்புப் பார்க்கும் முறையும் வந்தது. ஒவ்வொரு நூலின் முகப்பிலும் உழைத்தவர்களின் பெயர்கள் இடம்பெறுகின்றன. கூலி இல்லாத இடத்தில் இந்த அங்கீகாரமே கூலி.

குறியாக்கம் பற்றிய முடிவு

திட்டம் சந்தித்த மிகப் பெரிய சிக்கல் எழுத்துக் குறியாக்கம். 1990களில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியாக்கத்தைக் கொண்டிருந்தது. ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்ததை மற்றொன்றில் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரியும். தவறான குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் பல்லாண்டு உழைப்பு வீணாகும் என்ற நிலை இருந்தது.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணையம் 99 மாநாட்டை அடுத்து, தமிழக அரசு டாம், டாப் ஆகிய குறியாக்கங்களை ஏற்றது. உலகத் தமிழ் ஆர்வலர்கள் பலர் மின்னஞ்சல் வழியே கலந்துபேசி உருவாக்கியது டிஸ்கி. மதுரைத் திட்டம் டிஸ்கியைப் பின்பற்றியது. பின்னர் ஒருங்குறி பரவியபோது நூல்களை மீண்டும் மாற்ற வேண்டியிருந்தது. இது எளிய வேலையன்று. எடுத்துக்காட்டாக, 'கெ' என்னும் எழுத்தை டிஸ்கியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில், கொம்பை முதலிலும் ககரத்தை அடுத்தும் சேமிப்பர். ஒருங்குறியில் ககரம் முதலில் வரும். கொம்பு பிறகு வரும். ஆகவே மாற்றும் நிரல் எழுத்துகளின் வரிசையையும் மாற்ற வேண்டும்.

இங்கே எடுக்கப்பட்ட முடிவு கவனிக்கத்தக்கது. பழைய வடிவம் உடனே நீக்கப்படவில்லை. டிஸ்கி, ஒருங்குறி ஆகிய இரு வடிவங்களும் நெடுங்காலம் அருகருகே வழங்கப்பட்டன. பழைய கணினி வைத்திருந்த வாசகரையும் இழக்காமல், புதியவரையும் வரவேற்க இது உதவியது. தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது 2010இல்தான்.

பிற திட்டங்களுடன் ஒப்பீடு

கட்டற்ற மென்பொருள் உலகிலும் இதே வினா எழுந்தது. டெபியன் திட்டம் 1993இல் தொடங்கியது. 1998இல் தனக்கென ஓர் அமைப்புச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. அதன் தலைவரை உறுப்பினர்கள் ஆண்டுதோறும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பைத்தான் நிரல்மொழியில் அதைப் படைத்த கைடோ வான் ரோசம் சொல்வதே நெடுங்காலம் இறுதி முடிவாக இருந்தது. 2018இல் ஒரு மாற்றம் குறித்த கடும் விவாதத்திற்குப் பின் அவர் அப்பொறுப்பிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டு ஐவர் கொண்ட வழிகாட்டுக் குழு தேர்ந்தெடுக்கப்பட்டது. மதுரைத் திட்டம் தேர்தல் முறையைவிட, நிறுவியவரே வழிநடத்தும் முறைக்கே நெருக்கமானது.

வலிமையும் குறையும்

சிறிய குழுவுக்கு இம்முறை ஏற்றது. முடிவுகள் விரைவில் எடுக்கப்படும், நோக்கமும் சிதறாது. ஆனால் ஒரு சிலரின் தோள்களிலேயே முழுச்சுமையும் இருக்கும். அவர்கள் தளர்ந்தால் அடுத்துத் தாங்குபவர் யார் என்னும் கவலை எல்லாத் தன்னார்வத் திட்டங்களுக்கும் பொதுவானது.

இதற்கு ஒரு பாதுகாப்பு திட்டத்தின் தொடக்க முடிவுகளிலேயே உள்ளது. முகப்புப் பக்கத்தை மாற்றாமல் நூல்களை யாரும் படியெடுத்துப் பிறருக்கு வழங்கலாம். ஏட்டுச்சுவடிகள் பலவற்றைக் கறையானிடம் இழந்தோம்; படியெடுக்க ஆளிருந்த சுவடிகளே நமக்குக் கிடைத்தன. இன்று நிலக்கோட்டை மாணவர் ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு நூலைப் பதிவிறக்கி வைத்தால், அதுவும் ஒரு படியே. அவரே நாளை ஒரு நூலுக்கு மெய்ப்புப் பார்க்க முன்வந்தால், அடுத்துத் தாங்கும் தோள்களுள் ஒன்று கிடைத்துவிடும்.